பொறி பறந்தால் அது பிழை

நான் பொறியியலில் முதுமாணி முடித்தவள். போன குளிர்காலம், ஐந்து பற்றரி செல்களின் மேல் ஒரு நிக்கல் பட்டியை ஒட்டத் தெரியாமல் கராஜுக்குள் நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் நான் சண்டை பிடிக்கப் போவது முதலில் என்னோடு. உங்களோடு அதற்குப் பிறகுதான்.

நடந்தது இதுதான். அப்பாவின் பழைய 18 வோல்ற் ட்ரில் நின்றுவிட்டது. மோட்டர் நன்றாக இருந்தது, பற்றரிதான் செத்துப்போயிருந்தது. அந்தப் பற்றரி இப்போது வருவதில்லை, புது ட்ரில் ஒன்றை வாங்குங்கள் என்று கடையில் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே மந்திரம் ஒன்றும் இல்லை. 18650 என்று சொல்லும் லிதியம் அயன் செல்கள் ஐந்து. ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், 3.6 வோல்ற். ஐந்தையும் தொடராக இணைத்தால் 18. "20 வோல்ற் மக்ஸ்" என்று பெரிதாக எழுதி விற்கிற ட்ரில்லுக்குள்ளும் இதே ஐந்து செல்தான் இருக்கும். சார்ஜ் நிறைந்த நேரத்து எண்ணை வெளியில் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்தச் செல்களை சோல்டரிங் செய்து இணைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சோல்டரிங் கோலின் முனை 350 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். செல்லுக்குள் இரண்டு மின்வாய்களையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஏறக்குறைய 130 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். அந்தப் படலம் போனால் செல் தனக்குள்ளேயே ஷோர்ட் ஆகும். பிறகு தீ. அதனால்தான் இந்த வேலைக்கு ஸ்பொட் வெல்டர், தமிழில் புள்ளிப் பற்றவைப்பான். தடித்த புத்தகம் அளவில் சின்னதாக ஒன்றை வாங்கினேன். இரண்டு செம்பு முனை, ஒரு கால் சுவிட்ச்.

வாங்கிய பிறகு என்ன செய்தேன் தெரியுமா? எக்செல் தாள் ஒன்று போட்டேன். பட்டியின் தடிப்பு, மின்னோட்டம், நேரம் என்று மூன்று நிரல். எட்டு வீடியோ பார்த்தேன். பிறகு முனையை வைத்துக் காலால் அழுத்தினேன்.

"டப்" என்று ஒரு சத்தம். ஊரில் பார்த்த வாணம் போல் பொறி பறந்தது. பட்டியில் ஒரு கருகிய ஓட்டை. செல்லிலும் ஓட்டை விழாதது என்னுடைய நல்ல காலம். எண்ணைக் குறைத்து அடுத்ததை அடித்தேன். பொறி வரவில்லை, ஆனால் விரலால் தொட்டதும் பட்டி பழுத்த இலை போலக் கழன்று விழுந்தது. மறுபடி எண்ணைக் கூட்டினேன். மறுபடி வாணம்.

பனி தள்ளுகிற சவளை எடுக்க அப்பா கராஜுக்குள் வந்தார். இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பொறி பறந்தால் அது பிழை," என்றார்.

"வீடியோவில எல்லாருக்கும் பறக்குது, அப்பா."

"அப்ப எல்லாரும் பிழையாய்ச் செய்யினம். பறக்கிறது உன்ர இரும்பு. ஒட்ட வேண்டியது வெளியில போகுது." முனையை என் கையிலிருந்து வாங்கினார். "அமத்து. பிறகு அடி. பிறகு பிடி. நீ அமத்த முதல் அடிக்கிறாய். அடிச்சவுடன கையை எடுக்கிறாய்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் இதைத்தானே செய்தனான்."

எனக்கு அது தெரியாது. அப்பா "கொம்பனியில" வேலை செய்தார் என்று தெரியும். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை என்று தெரியும். இரவு ஷிப்ட் போனார், காலையில் நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது வந்து படுத்தார் என்று தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் அவருடைய கை என்ன செய்தது என்று முப்பது வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவருடைய முன்கையில் சின்னச் சின்னப் பொட்டுப் போல வெளிறிய தழும்புகள் இருக்கின்றன. ஊரில் நுளம்பு கடித்துச் சொறிந்த அடையாளம் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். அவை பொறி விழுந்த இடங்கள்.

அப்பா சொன்ன மூன்று சொல்லை விளக்க வேண்டும். அவற்றுக்குள் நான் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பாடம் முழுவதும் இருக்கிறது.

மின்னோட்டம் ஒரு தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கிறது. வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம், தடை, நேரம் மூன்றின் பெருக்கம். ஜூலின் விதி, உங்கள் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கும். இந்த வெப்பத்தை வைத்து உலோகங்களை ஒட்டலாம் என்று எலிஹு தொம்சன் 1886இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார். இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் தடை அதிகம். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தகடும் உண்மையில் மேடு பள்ளம். மேடும் மேடும் மட்டும்தான் தொடும். ஆகவே வெப்பமும் அங்கேதான் குவியும், அங்கேதான் உலோகம் உருகி ஒன்றாகும்.

அமத்து: போதிய அழுத்தம் இல்லாமல் அடித்தால், செம்பு முனைக்கும் பட்டிக்கும் நடுவிலேயே தடை கூடிவிடும். வெப்பம் தவறான இடத்தில், மேற்பரப்பில் பிறக்கும். உருகிய உலோகம் வெளியே தெறிக்கும். நீங்கள் வீடியோவில் பார்த்துக் கைதட்டுகிற பொறி அதுதான். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினாலும் ஒட்டாது. தொடும் இடத்தின் தடை குறைந்து, வேண்டிய சூடே வராது.

அடி: என் சின்ன வெல்டரில் இது சில மில்லிசெக்கன் மட்டும். செலவாகும் சக்தி சில பத்து ஜூல். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கக்கூட அது போதாது. அதே சக்தியை ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில், கண் இமைக்கிற நேரத்துக்குள் கொட்டினால், 1455 பாகையில் உருகும் நிக்கல் உருகுகிறது. செல்லின் உட்பக்கம் சூடாக நேரமே இல்லை. அப்பாவின் தொழிற்சாலையில் தகடு தடிப்பானது, மின்னோட்டம் ஏறக்குறைய 10,000 அம்பியர். நேரத்தை அவர்கள் செக்கனில் சொல்வதில்லை, சைக்கிளில் சொல்வார்கள். இங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 சைக்கிள். "பத்துச் சைக்கிள்" என்றால் ஆறில் ஒரு செக்கன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் அப்பா இருபத்தாறு வருடம் நேரத்தை மின்சாரத்தின் சைக்கிளில் எண்ணியிருக்கிறார்.

பிடி: மின்னோட்டம் நின்ற பிறகும் அழுத்தத்தை விடக் கூடாது. உருகிய புள்ளி அழுத்தத்துக்குள்ளேயே இறுக வேண்டும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் உள்ளே வெடிப்பு விழும். வெளியில் பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும்.

"ஒட்டியது போல் இருக்கிறதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டேன். குறட்டைக் கேட்டார். பட்டியின் நுனியைப் பிடித்து மடக்கிக் கிழித்தார். "கழன்டு வந்தால் பிழை. கிழிஞ்சு வந்தால் சரி." நல்ல ஒட்டு ஒருபோதும் பிரியாது. பட்டிதான் கிழியும், ஒட்டின இடம் ஒரு சின்னப் பொட்டாகக் கீழேயே நிற்கும், பட்டியில் ஓட்டை விழும். தொழிற்சாலையிலும் அப்படித்தானாம். வரிசையில் போகும் பாகங்களில் ஒன்றை இடைக்கிடை எடுத்து, உளி வைத்துப் பிளந்து பார்ப்பார்கள். ஒரு காரின் உடலில் சில ஆயிரம் புள்ளிகள் இப்படி ஒட்டப்படுகின்றன. 401 நெடுஞ்சாலையில் நீங்கள் போகிற காரில் அவருடைய கை வைத்த புள்ளி இருந்திருக்கலாம்.

அன்றைக்கு நானும் அவருக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேன். தொழிற்சாலைத் துப்பாக்கி தகட்டை மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் பிடிக்கும். என் வெல்டரின் இரண்டு முனையும் ஒரே பக்கம். ஆகவே மின்னோட்டம் செல்லுக்குள் இறங்காமல் பட்டி வழியாகவே நேரே ஓடித் தப்பப் பார்க்கும். இரண்டு முனைக்கும் நடுவில் பட்டியை நீளமாக வெட்டிவிட்டால் அந்தக் குறுக்குவழி அடைபடும். இதை ஒரு கடதாசியில் கீறிக் காட்டினேன். அவர் அதை வடிவாகப் பார்த்துவிட்டு, "ஓ, அதுதான் கிட்டக் கிட்ட அடிக்க வேண்டாம் எண்டு சொல்லுறவங்கள். பழைய புள்ளியால கரண்ட் ஓடிப்போகும்," என்றார். இருபத்தாறு வருடம் அவர் கைப்பழக்கத்தில் வைத்திருந்த ஒரு விதிக்கு எங்களுக்கு நடுவில் ஒரு காரணம் கிடைத்தது. என் பட்டத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

இனி உங்களோடு.

எனக்குப் பதினாறு வயதில், ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில், ஒரு அன்ரி கேட்டார்: "அப்பா எங்க வேலை?" நான் சொன்னேன், "எஞ்சினியரிங் கொம்பனியில." அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் திருத்தவில்லை. நான் பொய் சொன்னதற்காக அவர் வெட்கப்படவில்லை, உண்மையைச் சொன்னால் நான் வெட்கப்படுவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பொய்யை உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? அம்மா தொழிற்சாலையில் பொதி கட்டியதை "ஒஃபிஸ்" என்று, அப்பா உணவகத்தில் கோப்பை கழுவியதை "மனேஜ்மென்ற்" என்று?

எங்களுடைய வீடுகளில் ஒரு வசனம் உண்டு. "படிக்காட்டி என்னை மாதிரிக் கஷ்டப்படுவாய்." அன்பினால் சொன்னதுதான், பயத்தினால் சொன்னதுதான். அகதியாக வந்து இறங்கியவர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் அந்த வசனம் எங்களுக்குள் இறங்கி வேறு ஒன்றாக மாறிவிட்டது. கையால் செய்கிற வேலை என்பது படிக்காததற்குக் கிடைக்கும் தண்டனை என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். அந்த விளக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அதன் வேர் அகதி வாழ்க்கையில் மட்டும் இல்லை. பொய் சொல்ல வேண்டாம். ஊரில் கொல்லர், தச்சர், தட்டார் என்று கைவேலையைப் பிறப்போடு கட்டிவைத்தவர்கள் நாங்கள். அவர்கள் அடித்த கொழுவால் உழுதோம், அவர்கள் செய்த கதவுக்குள் படுத்தோம், அவர்கள் உருக்கிய பொன்னில் தாலி கட்டினோம். அவர்களையே எங்களுக்குக் கீழே என்றோம். கையில் கரி படுவது குறைவு என்ற எண்ணத்துக்குச் சாதி என்று பெயர். அதை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே "மகன் டொக்டர், மகள் எஞ்சினியர்" என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கம் வட்ஸ்அப்பில் பெருமை. ஈரோட்டுக்குக் கிட்ட கொடுமணலில் பழங்காலத்தில் இரும்பும் உருக்கும் செய்த தடயங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள். உண்மை, பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் "உலகுக்கே உருக்கைக் கொடுத்த இனம்" என்று அந்தப் படத்தை அனுப்புகிற அதே மாமா, தன் மகன் வெல்டிங் படிக்கப் போகிறேன் என்றால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கொல்லன் பெருமை, வீட்டில் இருக்கிற வெல்டர் வெட்கமா? நவராத்திரிக்கு வீட்டில் ஆயுதபூசை செய்கிறோம். புத்தகம் வைப்போம், பேனை வைப்போம், இப்போது லப்டொப்பும் வைக்கிறோம். எங்களுக்குச் சோறு போட்ட அப்பாவின் கையுறை அந்தத் தட்டில் ஒரு வருடமும் இருந்ததில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். நானே எனக்குச் சொல்லிக்கொண்டவைதான்.

"அப்பா பட்ட கஷ்டம் போதாதா? அவர் செய்தது நாங்கள் செய்யாமல் இருக்கத்தானே?" இதுதான் எல்லாவற்றிலும் வலுவான பதில். தொழிற்சாலையை நான் அழகுபடுத்தப் போவதில்லை. அந்தச் சத்தத்தில் அப்பாவின் காது போய்விட்டது, இடது பக்கம் நின்று கதைத்தால் கேட்காது. மணிக்கணக்கு நின்ற முழங்கால் இன்றைக்குப் படி ஏற விடாது. அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவரைக் கஷ்டப்படுத்தியது இரும்பா? இல்லை. ஓய்வில்லாத ஷிப்ட், குறைந்த சம்பளம், மரியாதை இல்லாத மேற்பார்வை. நாங்கள் அந்த மூன்றையும் விட்டுவிட்டு, அவருடைய அறிவை மட்டும் எடுத்துத் தூக்கி எறிந்திருக்கிறோம்.

"புதிதாக ஒன்று வாங்கலாமே? உன்னுடைய ஒரு மணித்தியாலச் சம்பளத்தைப் பார்." பார்த்தேன். கணக்குப்படி நான் முட்டாள்தான். ட்ரில்லுக்குச் செலவழித்த நேரத்தில் இன்னொரு ட்ரில் வாங்கியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கால் அளந்தால், பழுதானதைத் திறந்து பார்க்கும் உரிமையை நாங்களே விற்றுவிடுகிறோம். பற்றரியைப் பசை போட்டு மூடுகிற, மென்பொருளால் பூட்டுப் போடுகிற நிறுவனங்கள் எங்களுடைய அந்தக் கணக்கை நம்பித்தான் வியாபாரம் செய்கின்றன.

சட்டம் மெதுவாக எங்கள் பக்கம் வருகிறது. கனடாவில் 2024 நவம்பரில் சட்டமான சி-244, பழுதுபார்ப்பதற்காகக் கருவியின் டிஜிற்றல் பூட்டைத் திறப்பதைப் பதிப்புரிமை மீறல் ஆக்காமல் விட்டது. ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி. 2023ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பற்றரி ஒழுங்குவிதிப்படி, சில விதிவிலக்குகள் தவிர, 2027 பெப்ரவரி 18 முதல் கருவிகளில் உள்ள சிறிய பற்றரிகளைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். நல்லது. ஆனால் சட்டம் உங்களுக்குத் திறக்கிற உரிமையைத்தான் தரும். திறக்கிற கையைத் தராது. குறடு பிடிக்கத் தெரியாதவருக்கு அந்த உரிமை வெறும் கடதாசி.

"ஆபத்து இல்லையா?" ஆபத்துத்தான். "எல்லாரும் செய்யலாம், சுகம்" என்று சொல்கிற வீடியோக்காரரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பழைய லப்டொப் பற்றரிகளை உடைத்துக் கிடைத்த செல்களால் சைக்கிள் பற்றரி கட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்சைக்கிள் பற்றரித் தீயில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அப்படிப் பழைய செல்களால் கட்டிய பற்றரிகளை விற்பதை நியூயோர்க் நகரம் 2023இல் தடைசெய்தது, சரியாகத்தான் செய்தது. பேஸ்மென்ற்றில் மூன்று குடும்பம் படுக்கிற வீட்டில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், இப்படி ஒரு பற்றரியை இரவு முழுக்கச் சார்ஜில் விடுகிறவன் வீரன் இல்லை.

ஆனால் ஆபத்துக்குப் பதில் "தொடாதே" என்பது இல்லை. எங்கள் வீடுகளில் நெருப்பையும் அரிவாளையும் பிள்ளைகளுக்குப் பழக்கித்தான் கொடுத்தார்கள். இதற்கும் ஒரு பழக்கும் முறை இருக்கிறது. அப்பா எனக்குப் போட்ட சட்டங்களை, நான் பிறகு படித்துச் சேர்த்தவற்றோடு தருகிறேன்.

முதல் மாதம் பற்றரியைத் தொடக் கூடாது. மெல்லிய இரும்புத் தகட்டில் பட்டியை ஒட்டி, குறட்டால் கிழியுங்கள். தொடர்ந்து ஐம்பது ஒட்டு கழலாமல் கிழிந்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். அப்பா என்னிடம் ஐம்பது கேட்டார். எனக்கு மூன்று வார இறுதி எடுத்தது.

கண்ணாடி போடாமல் முனையைத் தொடாதீர்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி காணாது, பக்கமும் மூடின பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பருத்தி உடுப்பு. காப்பு, மோதிரம், சங்கிலி, மணிக்கூடு எல்லாம் கழற்றி வெளியே வைக்க வேண்டும். சார்ஜ் உள்ள செல்லின் இரண்டு முனையையும் ஒரு காப்பு தொட்டால் கையில் என்ன நடக்கும் என்று நான் விவரிக்க மாட்டேன். உடலில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறவர் பக்கத்தில் நிற்கக் கூடாது, அடிக்கும் நேரம் காந்தப்புலம் பலமாக இருக்கும்.

பழைய மைக்ரோவேவைக் கழற்றி அதன் ட்ரான்ஸ்போமரால் வெல்டர் செய்கிற வீடியோக்கள் நிறைய உண்டு. அதை உங்கள் முதல் வேலையாகச் செய்யாதீர்கள். மைக்ரோவேவுக்குள் இருக்கும் கொள்ளளவி 2000 வோல்ற் அளவில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், வயரைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகும். அதற்கு இரண்டாவது தடவை கிடையாது.

நிக்கல் பட்டி என்று மலிவாக விற்பதில் பாதி, நிக்கல் பூசிய இரும்பு. இரும்பின் தடை கூட, அதனால் அது சுகமாக ஒட்டும், பிறகு பாவிக்கும்போது சூடாகும். ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டு வையுங்கள். துரு வந்தால் இரும்பு.

பற்றரிக்கு வரும்போது, ஒரே வகை, ஒரே வயது, நம்பிக்கையான கடையில் வாங்கிய புதுச் செல்கள் மட்டும். ஒன்று செத்தால் ஐந்தையும் மாற்ற வேண்டும். 18650இன் கோது முழுவதும் மறைமுனை. நேர்முனையைச் சுற்றிய விளிம்புகூட மறைமுனைதான். ஆகவே நேர்முனையில் காப்புக் கடதாசி வளையம் போடாமல் பட்டி வைக்கக் கூடாது. பழைய பற்றரியின் பாதுகாப்புச் சுற்றைத் திரும்பப் பொருத்தாமல் பெட்டியை மூடக் கூடாது. முதல் சார்ஜ் பகலில், கராஜ் கதவு திறந்திருக்க, நீங்கள் பக்கத்தில் இருக்க. ஊதிய, நசுங்கிய, மணக்கிற செல் எதையும் தொடாமல் மீள்சுழற்சிக்குக் கொடுங்கள். மின்சைக்கிள் பற்றரி கட்ட வேண்டாம். அது வீட்டு வேலை இல்லை.

இந்தப் பட்டியலை வாசிக்க அலுப்பாக இருக்கிறதா? அலுப்பாக இருந்தால் நீங்கள் இன்னும் ஆயத்தம் இல்லை. இந்த அலுப்பைப் பொறுக்கிற குணத்துக்குத்தான் திறமை என்று பெயர், அதைத்தான் அப்பாவின் மேசையில் கண்டேன். கணினியில் நான் பிழைவிட்டால் பின்னோக்கிப் போகலாம், பழைய பிரதியை எடுக்கலாம். உலோகத்தில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. ஒருதரம் அடித்தால் அடித்ததுதான். பதினைந்து வருடம் திரையைப் பார்த்து வேலை செய்த எனக்கு அது ஒரு அறை போல விழுந்தது. என் மென்பொருள் வேலையிலும் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: இது ஒட்டியிருக்கிறதா, ஒட்டியது போல் இருக்கிறதா? குறட்டால் இழுத்துப் பார்த்தேனா?

பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் 2024 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களிலிருந்து, ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பில் ஒரு தொழில்நுட்பப் பாடம் கட்டாயம். அதை "சும்மா ஒரு கிரெடிற்" என்று கணினித் திரைக்கு முன்னாலேயே கழிக்காமல், மரமோ உலோகமோ காரோ தொடுகிற வகுப்பாக எடுங்கள். மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைத்தால் இன்னும் கட்டாயமாக எடுங்கள். வெல்டிங்கையே தொழிலாகப் படிக்க விரும்பினால் இளையோர் தொழிற்பயிலுநர் திட்டம் இருக்கிறது. வீட்டில் அழுவார்கள். இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக: "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை?" என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். என் அப்பா கேட்கவில்லை. அவர் கையுறை எனக்குப் பெரிது என்று சின்ன அளவில் ஒரு சோடி வாங்கிவந்தார்.

ட்ரில் இப்போது வேலை செய்கிறது. ஐந்து செல், இருபது புள்ளி. பத்தை அவர் அடித்தார், பத்தை நான் அடித்தேன். எது யாருடையது என்று பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் சொல்லலாம். அவருடைய பத்தும் அச்சு வைத்தது போல் ஒரே அளவு.

ஸ்பொட் வெல்டர் வாங்குங்கள் என்று உங்கள் எல்லாருக்கும் நான் சொல்லவில்லை. அது காசும் இடமும் இருக்கிறவர்கள் செய்வது. காசில்லாத ஒரு வேலை சொல்கிறேன், எல்லாரும் செய்யலாம். இந்தச் சனிக்கிழமை அப்பாவோ அம்மாவோ தேத்தண்ணி குடிக்கிற நேரம் பக்கத்தில் போய் இருங்கள். போனைத் தூர வையுங்கள். "வேலையில உங்கட கை என்ன செய்தது?" என்று கேளுங்கள். எந்தக் கொம்பனி, எத்தனை மணித்தியாலம் என்பது வேண்டாம், கை என்ன செய்தது என்று கேளுங்கள். முதலில் "அதை ஏன் இப்ப?" என்பார்கள். விடாதீர்கள்.

எங்கள் அப்பாவிடம் கேட்கும்போது வலது பக்கம் இருந்து கேட்க வேண்டும். அந்தக் காது இன்னும் கேட்கும்.